மாடி ஒதுக்கப்பட்டவள்: ஒதுக்கப்பட்ட பெண்ணின் எதிர்காலக் கதையை நம் இளையர்களுக்குத் தமிழில் எழுதுவது எப்படி

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் கூடி வாசிப்போம். பெரும்பாலும் உயர்நிலை 1 முதல் 4 வரை படிக்கும் பிள்ளைகள், கூடவே நானும் இன்னொரு அம்மாவும். போன வருடம் ஒரு உயர்நிலை 2 மாணவி, தடியான ஆங்கில நாவல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே தமிழ்க் கதையை வாசித்தாள், கண் மட்டும் அடிக்கடி மடிக்குப் போய்வந்தது. என்ன கதைம்மா அது என்று கேட்டேன். "ஒரு பொண்ணு ஆன்ட்டி, அவள யாருக்குமே வேண்டாம், ஆனா அவ இல்லாட்டி அந்த ஊரு தப்பிக்காது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தமிழ்ல ஏன் இப்படி இல்ல?" என்று கேட்டாள்.

நாமே எழுதிப் பார்ப்போம் என்றேன். அதிலிருந்து அந்தக் குழுவில் பத்துக்கும் மேற்பட்ட கதைகளைத் தொடங்கினோம், பாதி கைவிட்டோம், சிலவற்றை முடித்தோம். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவர்கள், தமிழாசிரியர்கள், பிள்ளைக்காக எழுதிப் பார்க்க நினைக்கும் பெற்றோர் எல்லாருக்கும்தான் இது.

எழுதுவதற்கு முன்னால், இந்தக் கதைகள் பதினான்கு வயதுப் பிள்ளையை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று யோசியுங்கள். டிஸ்டோபியா, அதாவது கொடுமையான எதிர்கால உலகத்தைக் காட்டும் கதை, என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மதில், ட்ரோன், சீருடை, துப்பாக்கி. எங்கள் குழுவின் முதல் மூன்று கதைகளிலும் இவை எல்லாம் இருந்தன, மூன்றுமே உயிரில்லாமல் கிடந்தன. உள்ளே இருக்க வேண்டியது ஒரு மனக்குறை: என்னைக் கேட்காமலே யாரோ என்னை அளந்துவிட்டார்கள், அளந்த எண்ணைக் கொண்டு என் வாழ்க்கையை முடிவுசெய்துவிட்டார்கள். 2008இல் வந்த 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் பன்னிரண்டு வயதானதும் பிள்ளையின் பெயர் சீட்டுக் குலுக்கலில் சேர்ந்துவிடும். 2011இல் வந்த 'டைவர்ஜென்ட்' நாவலில் பதினாறு வயதில் ஒரு சோதனை, அதன் பிறகு எந்தப் பிரிவில் வாழ்வது என்று ஊர் முன்னால் தேர்ந்தெடுக்கும் சடங்கு. இரண்டிலும் வயதைக் கவனியுங்கள்.

சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பன்னிரண்டு வயதில்தான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. நான் படித்த காலத்தில் அந்தத் தேர்வை வைத்து விரைவுநிலை, அதற்குக் கீழே வழக்கநிலை என்று பிரிப்பார்கள். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டு, பாடத்துக்குப் பாடம் வேறு வேறு நிலையில் படிக்கும் முறை வந்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனாலும் முடிவு வெளியாகும் காலையில் வயிறு பிசையத்தான் செய்கிறது, அதை என் மகளிடமே பார்த்தேன். நான் வழக்கநிலையில் படித்தவள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் "எந்தப் பிரிவு?" என்று கேட்பார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவ நல்லா பாடுவா" என்று சொல்லிவிடுவார். அம்மா அன்பாகத்தான் சொன்னார். நாற்பது வயதுக்கு மேலும் அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. உங்களிடமும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும், அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சரி, அடுத்தது உலகம். ஒரே ஒரு விதி போதும். உணவுப் பங்கீடு, ஊரடங்கு, ஞாபகத்தை அழிக்கும் மாத்திரை, கட்டாயத் திருமணம் என்று எல்லாவற்றையும் போட்டால் வாசகருக்கு எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியாமல் போகும். உயர்நிலை 1 படிக்கும் பிள்ளை ஒரே மூச்சில் சொல்ல முடிகிற விதியாக இருக்கட்டும். எங்கள் குழு கடைசியில் பிடித்த விதி இதுதான்: பன்னிரண்டு வயதில் நீ எடுக்கும் மதிப்பெண்தான் நீ வாழும் மாடி.

அந்த உலகத்தில் கடல் ஏறிவிட்டது. புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் தரைத்தளமான வாய்ட் டெக் எப்போதோ தண்ணீருக்கடியில் போய்விட்டது. கல்யாணப் பந்தலும் சாவு வீட்டு மேசைகளும் போட்ட இடத்தில் இப்போது மீன் ஓடுகிறது. இரண்டாவது, மூன்றாவது மாடி ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் நனையும். முப்பதாவது மாடியில் துணி காயும். எல்லாரும் வாழ்வது ஒரே புளோக்கில்தான்.

இந்த விதி பிள்ளைகளுக்கு உடனே பிடித்ததற்கு ஒரு காரணம், இதில் பொய் குறைவு. நம் தீவில் சுமார் 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், கடல்மட்ட உயர்விலிருந்து தீவைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று பேசினார். மின்தூக்கி விவரமும் அப்படித்தான் கிடைத்தது. பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, மூன்று நான்கு மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும், சந்தைப் பையோடு பாட்டிகள் மீதியை ஏறுவார்கள். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் பல புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் நிற்க ஆரம்பித்தது. இதை ஒரு பிள்ளையின் தாத்தா சொல்லி, அது நேராகக் கதைக்குள் வந்துவிட்டது: பத்தாவது மாடிக்குக் கீழே மின்தூக்கி நிற்காது. எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியாமல் திணறினால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலக் கம்பத்து, அதாவது கிராமத்து, வெள்ளத்தைப் பற்றியும் முதல் அடுக்குமாடி வீட்டைப் பற்றியும் கேளுங்கள். அரை மணி நேரத்தில் மூன்று அத்தியாயத்துக்கான சரக்கு கிடைக்கும்.

விதியை உண்டாக்கியவரைக் கொடியவராக எழுதிவிடாதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரும் நிலமும் போதாத ஊரில் வளர்ந்த வாசகர் நம் வாசகர். பிழைக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பதாவது மாடி நிர்வாகி, இடம் குறைவு, டாக்டரும் பொறியாளரும் நனைந்து நோயில் விழுந்தால் எல்லாருமே போய்விடுவோம் என்று உண்மையாகவே நம்புகிறவர். அவர் பேசுவதைப் படிக்கும்போது ஒரு கணம் வாசகர் தலையாட்ட வேண்டும். அப்படித் தலையாட்டியது தவறோ என்று அடுத்த பக்கத்தில் அவருக்கே உறுத்தினால் உங்கள் கதை நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

இனி அந்தப் பெண். எங்கள் கதையில் அவள் பெயர் கயல், வயது பதினான்கு, இரண்டாவது மாடி.

ஒதுக்கப்பட்டவள் என்று நீங்கள் சொன்னால் போதாது. எந்தக் கதவு, எந்த நேரம், யார் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத வேண்டும். மேல்மாடித் தோழியின் வீட்டில் கயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள், காகிதக் குவளையில். மற்ற எல்லாருக்கும் கண்ணாடிக் குவளை. அந்த வரியை எழுதியது பதின்மூன்று வயதுப் பையன், சாதி பார்த்துத் தேநீர்க் கடைகளில் வைத்த தனிக்குவளையின் வரலாறு அவனுக்குத் தெரியாது. அங்கிருந்த பெரியவர்கள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தமிழில் தள்ளிவைத்தார்கள் என்று எழுதினால் அதன் பின்னால் சாதி நிற்கும், கிணறு நிற்கும், கோயில் வாசல் நிற்கும். அதை அலங்காரத்துக்காகத் தொடாதீர்கள். தொடுவதென்றால் வீட்டில் பேசிவிட்டு, கொஞ்சம் படித்துவிட்டுத் தொடுங்கள். நாங்கள் அந்தப் பையனுக்கு விளக்கினோம், கேட்டுவிட்டு அவன் அந்த வரியை இன்னும் சின்னதாக்கினான். காகிதக் குவளையை யாரும் கதையில் குறிப்பிடுவதே இல்லை, கயல் அதைக் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு, அவளுக்கு ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அது அவள் தள்ளப்பட்ட இடத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். இந்த வகைக் கதைகளின் உயிரே இங்கேதான் என்று நினைக்கிறேன். 'ஹங்கர் கேம்ஸ்' நாயகி காட்னிஸ் வில்லில் கெட்டிக்காரியானது, பசிக்காக வேலிக்கு வெளியே போய்ச் சட்டத்துக்கு விரோதமாக வேட்டையாடியதால். ஊர் அவளுக்குச் செய்த கொடுமைதான் அவள் கைத்திறன் ஆகிறது. கயலுக்கோ தண்ணீரைத் தெரியும். கடல் ஏறுவதற்கு முன்னால் குளியலறைக் குழிக்குள் ஒரு கொப்பளிப்புச் சத்தம் கேட்கும், கரப்பான்கள் சுவரில் மேலே ஏறும், பாட்டியின் முழங்கால் வலிக்கும். மேல்மாடிக்காரர்களின் கருவிகள் எல்லாம் கடல் சுவரையே அளந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் கால்வாய் வழியாகத் திரும்பி அடியிலிருந்து வரப்போகிறது என்று இரண்டாவது மாடிக்கு மட்டும்தான் தெரிகிறது. அவள் சொன்னால் கேட்பார்களா என்பதிலேயே கதை ஓடிவிடும்.

இங்கே ஒரு பழைய தந்திரம் உங்களை இழுக்கும். கடைசியில் அவள் தலைவரின் காணாமல்போன மகள், அல்லது அபூர்வ ரத்தம் ஓடும் பெண் என்று தெரியவருவது. வேண்டவே வேண்டாம். அப்படி எழுதிவிட்டால், ஒதுக்குவது தவறில்லை, ஆளை மாற்றி ஒதுக்கியதுதான் தவறு என்று உங்கள் கதையே சொல்லிவிடும். கயல் சாதாரணமானவள். இரண்டாவது மாடியில் இருக்கும் எல்லாருமே அவளளவுக்கு மதிக்கப்பட வேண்டியவர்கள்தான்.

தமிழில் இப்படிப்பட்ட பெண் இல்லை என்று அந்த மாணவி சொன்னதை நான் அடுத்த வாரமே மறுத்தேன். மணிமேகலையை எடுத்துப் போனேன். கணிகைக் குலத்தில் பிறந்த மாதவியின் மகள். இவள் ஆட வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது, பாட்டி சித்திராபதி வற்புறுத்துகிறாள், இளவரசன் துரத்துகிறான். பிறப்பைக் காட்டி அளந்துவிட்டார்கள், அவள் அந்த அளவுக்குள் வர மறுக்கிறாள். அவள் கைக்கு வரும் அமுதசுரபியின் கதை அதைவிட ஆழமானது. அது முதலில் ஆபுத்திரனிடம் இருந்த பாத்திரம். தாய் விட்டுப்போன குழந்தை, பசு பால் கொடுத்துக் காத்த பிள்ளை, வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை விடுவித்ததற்காக ஊரிலிருந்து துரத்தப்பட்டவன். ஒதுக்கப்பட்டவன் கையிலிருந்து ஒதுக்கப்பட்டவள் கைக்கு வருகிற ஒரு சோற்றுப் பாத்திரம்! இதைச் சொன்னபோது பிள்ளைகள் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், என்ன வேண்டும் என்று அரசன் கேட்கிறான், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்கிறாள். அவன் மாற்றுகிறான். பின்னால் அவளையே சிறைப்படுத்துகிறார்கள், புகார் நகரம் கடலுக்குள் போகிறது. கடல் கொண்ட நகரம், ஊர் வரையறுத்த வாழ்க்கையை மறுத்த பெண், அதிகாரத்தின் முன் அவள் கேட்கும் ஒரே ஒரு வரம், எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'ஹங்கர் கேம்ஸ்' எழுதிய சூசன் காலின்ஸ், ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளை மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்குப் பலியாக அனுப்பிய கிரேக்கக் கதையிலிருந்து விதை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். நாம் நம் காப்பியத்திலிருந்து எடுப்போம். பெயர்களை அப்படியே தூக்கி வைக்காமல், நிகழ்ச்சியின் எலும்பை மட்டும் எடுங்கள்.

மொழிக்கு வருவோம், தமிழில் எழுதுகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். மேலே சொன்ன இரண்டு ஆங்கில நாவல்களும் நாயகியே பேசுவதாக, நிகழ்காலத்தில் எழுதப்பட்டவை. பிள்ளைகள் அதை அப்படியே தமிழில் செய்கிறார்கள். விளைவு இப்படி இருக்கும்: "நான் கதவைத் திறக்கிறேன். தண்ணீரைப் பார்க்கிறேன். படியில் இறங்குகிறேன். பயப்படுகிறேன்." ஒவ்வொரு வாக்கியமும் கிறேன், கிறேன் என்று ஆணி அடித்தமாதிரி முடியும். நம் வினைச்சொல் கடைசியில் வருவதால் இந்தத் தொல்லை. அவசரம் வேண்டும் என்றால் வினையைக் குறையுங்கள், சில வாக்கியங்களை வினையே இல்லாமல் விடுங்கள், இறந்தகாலத்துக்குப் பயப்படாதீர்கள். அதே காட்சியை எங்கள் குழு திருத்தி எழுதியது: "கதவைத் திறந்ததும் முதலில் வாடைதான். அப்புறம் தண்ணீர். கீழிருந்து ஐந்தாவது படியை மூடியிருந்தது, நேற்று நான்குதான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்." பயம் என்ற சொல்லே இல்லை, ஆனால் நேற்று நான்குதான் என்ற இடத்தில் வாசித்த பிள்ளையின் குரல் மாறியது.

அதிகாரத்தின் சொற்களை உண்டாக்கும்போது கடுமையான சமஸ்கிருதக் கூட்டுச்சொற்களைத் தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு வரும் அதிகாரபூர்வக் கடிதத்தின் தமிழைக் கவனியுங்கள், அதன் மரியாதையும் குளிர்ச்சியும் அப்படியே வேண்டும். நாங்கள் உலர்மாடி, ஈரமாடி என்று வைத்தோம். பன்னிரண்டு வயதில் வரும் தாளுக்கு மாடி ஒதுக்கீட்டுக் கடிதம் என்று பெயர். அப்போது ஒரு பிள்ளை, "ஆன்ட்டி, வீடு ஒதுக்குறதும் ஆள ஒதுக்குறதும் ஒரே வார்த்தையா?" என்று கேட்டாள். ஆமாம், ஒரே வினைதான். உனக்கு இரண்டாவது மாடி ஒதுக்கப்பட்டுள்ளது என்ற அரசாங்க வாக்கியத்துக்குள்ளேயே மொத்தக் கதையும் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதினால் இது கிடைக்காது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

உரையாடலை இங்கே பேசுகிறபடியே எழுதுங்கள். பதினான்கு வயதுச் சிங்கப்பூர்ப் பெண் "ஏன் லா இப்படி பண்ற?" என்றுதான் தோழியைக் கேட்பாள், பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவரை அங்கிள் என்பாள், பாட்டியிடம் மட்டும் முழுத் தமிழில் பேசுவாள். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வாய் திறந்தால் பேச்சுத் தமிழ் வரட்டும். சென்னைத் தமிழ்ப் படத்தில் கேட்ட பேச்சை அவள் வாயில் வைக்காதீர்கள், இந்த ஊர்ப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும்.

காதல் வேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருந்தால் இருக்கட்டும், இரண்டு பையன்களுக்கு நடுவில் தவிக்கிற கட்டாயம் ஒன்றுமில்லை. எங்களுக்குத் தோழமை போதுமாக இருந்தது. பதினெட்டாவது மாடித் தோழி, கயலை நம்பினால் தன் மாடியை இழப்பாள். அந்த ஒரு முடிவிலேயே நாற்பது பக்கம் இழுக்கலாம்.

இடத்தை நடந்து பாருங்கள், கற்பனை உலகத்துக்கும் கால் வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கடல் ஏற்றம் வரும் நேரத்தைப் பார்த்துப் போய் நின்றோம், அப்புறம் மரினா அணைக்கட்டுக்குப் போனோம். 2008இல் திறந்த அந்த அணைக்கட்டு கடல்நீரை வெளியே நிறுத்தி, மழைநீரைத் தேவைப்படும்போது கடலுக்குள் அனுப்புகிறது. ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் மதகைத் திறக்க முடியாது, இராட்சத இறைப்பான்கள்தான் வெளியேற்ற வேண்டும். அவை நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டான். எங்கள் ஐந்தாவது அத்தியாயம் அந்தக் கேள்வியில் பிறந்தது.

முடிவை எழுதும்போது அரசாங்கத்தைக் கவிழ்க்க ஆசைப்படாதீர்கள். பதினான்கு வயதுப் பெண் நாட்டையே புரட்டிப்போட்டால் வாசகர் கைதட்டுவார், ஆனால் நம்பமாட்டார். மணிமேகலை அரசனைக் கொல்லவில்லை, ஒரு கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதை மாற்றினாள். கயலின் வெற்றியும் அந்த அளவுதான்: மின்தூக்கி இரண்டாவது மாடியில் நிற்க வேண்டும். அதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதைக் குறைக்காமல் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் யாராவது ஒரு பதின்மவயதுப் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அபிப்பிராயம் கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லாருக்கு என்று சொல்லிவிடுவார்கள். எந்த வரியில் கை போனுக்குப் போகிறது என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பத்தியை வெட்டுங்கள். எங்கள் கதையில் நான் எழுதிய மொத்தப் பின்னணி வரலாறும், இரண்டு பக்கம், அப்படித்தான் போனது, கதைக்கு ஒன்றும் குறையவில்லை.

கடைசிக் காட்சியை நான் ஒருமாதிரி எழுதி வைத்திருந்தேன்: மின்தூக்கிக் கதவு இரண்டாவது மாடியில் திறக்கிறது, கயல் உள்ளே போகிறாள், முப்பதாம் எண்ணை அழுத்துகிறாள். ஆரம்பத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிதான் அதை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வந்தாள். அவள் எழுதியதில் கயல் ஏறவில்லை. பாட்டியையும் பக்கத்து வீட்டு அங்கிளையும் உள்ளே அனுப்பிவிட்டு, கதவு மூடாமல் இருக்கக் காலை வைத்துக்கொண்டு, நடைபாதையில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லித் தோழியைக் கூப்பிடுகிறாள்.